வாத்து வரைந்த படகு

இந்த விசாரணை அறையின் திரைச்சீலையை யார் தைத்தது என்று தெரியவில்லை, ஐயா. இடது பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து நிற்கிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண் அங்கேயேதான் போகிறது. சின்ன வயதிலிருந்து ஊசி பிடித்தவள் நான். கோணல் தையலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வராது. அவிழ்த்துக் கொடுத்தனுப்பினால் சரிசெய்து தருகிறேன்.

நீங்கள் கேட்டது தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த திரு. தீலேயைப் பற்றி. அவருடைய தங்கை மனு கொடுத்திருக்கிறாள் என்றீர்கள். கொடுக்கட்டும். பாவம், எதையும் பாதியில் விட்டுவிடுகிற பெண். இதையாவது முழுதாகச் செய்திருக்கிறாளே. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் எனக்குச் சொல்ல வராது. அல்மா வெர்னிக்கேயிடம் தீப்பெட்டி கேட்டால் மரம் நட்ட கதையிலிருந்து தொடங்குவாள் என்று எங்கள் ஊர் கான்ஸெனாவில் ஒரு கேலி உண்டு. ஆகவே படகிலிருந்து தொடங்குகிறேன். ஆறு மணிக்குள் முடித்தால் நல்லது. வெளியே பெஞ்சில் ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார்.

எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும். ஆலைக்குளம் ஒன்று உண்டு, ஓர் ஓடை உண்டு, மழை வலுத்தால் சந்தைத் திடலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். எங்கள் கடல் அனுபவம் அத்தோடு சரி. அப்படிப்பட்ட ஊர் ஒரு நீர்மூழ்கிப் படகைத் தத்தெடுத்தது. போர்க் காலத்தில் அது ஒரு வழக்கம். ஊர் காலுறை பின்னி அனுப்பும். படகு தன் கோபுரத்தில் அந்த ஊரின் சின்னத்தைத் தீட்டிக்கொள்ளும். பக்கத்து ஊருக்குச் சின்னம் சிங்கம். அதற்கடுத்த ஊருக்கு வாள். எங்களுக்கு வாத்து.

மேயர் கிரோப் தகரத்தில் வெட்டிய அந்த வாத்தை மடியில் வைத்துக்கொண்டு கீல் துறைமுகம்வரை போனார். கொடி தைத்தவள் என்ற முறையில் நானும் கூடப் போனேன். கேப்டன் மீசை சரியாக முளைக்காத ஆள். வாத்தைப் பார்த்தான். மேயரைப் பார்த்தான்.

"ஏன், உங்க ஊர்ல ஓநாய் ஒண்ணும் அகப்படலையா?"

"எங்க வாத்து கடிக்கும் சார்," என்றார் மேயர்.

மாலுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கே அது வாத்துப் படகு ஆகிவிட்டது. ஊர் திரும்பியதும் மேயர் ஒரு படி மேலே போனார். தன் வீட்டுக் கொல்லையில் ஒரு வாத்தைப் பிடித்து, அதற்குப் படகின் எண்ணையே பெயராக வைத்து, கழுத்தில் நீல நாடா கட்டினார். படகு மிதக்கும்வரை இதன் கழுத்தில் கத்தி படாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் சொன்ன வாக்குகளில் காப்பாற்றியது அது ஒன்றுதான். அதையும் எப்படிக் காப்பாற்றினார் என்று பிறகு சொல்கிறேன்.

படகு பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து போய்வந்து கொண்டிருந்தது. ஒரு கப்பலை மூழ்கடித்தால் வானொலியில் எக்காளம் ஊதுவார்கள். எங்கள் படகு என்று சேதி வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ரொட்டிக்கடைக்காரர் மூழ்கிய ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பெரிய வாத்து ரொட்டி சுடுவார், கண்ணுக்கு உலர்திராட்சை வைத்து. நாற்பத்திரண்டாம் வருஷம் ரொட்டி தின்றே குழந்தைகளுக்கு வயிறு கெட்டது. நானும் தின்றேன். கண்ணுக்காகக் குழந்தைகள் அடித்துக்கொள்ளும்; நான் வால் பக்கம் கேட்டு வாங்குவேன், அங்கேதான் வெண்ணெய் அதிகம்.

அந்த வருஷ வசந்தத்தில் மாலுமிகள் ஓய்வுக்கு வந்து வீட்டுக்கு ஒருவராகத் தங்கினார்கள். எனக்கு வாய்த்தவர் எமில் ஹார்ம்ஸ், எஞ்சின் அறைக்காரர். கடற்கரை ஊரான எம்டனில் பிறந்தவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் டீசல் வாசம் போகவில்லை. மேல் மாடியில் லீஸ்பெத் குடியிருந்தாள். மருந்துக்கடையில் பொட்டலம் கட்டுகிறவள், தாய் தகப்பன் இல்லாதவள். இரண்டு பேரையும் என் சமையலறையில் ஒரே மேசையில் உட்காரவைத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"சாப்பாடு எப்படி அங்கே?" என்று கேட்டாள் லீஸ்பெத்.

"முதல் வாரம் ராஜ சாப்பாடு. அப்புறம் முயல் வேட்டைதான்."

"கடல்ல ஏது முயல்?"

"ரொட்டி பூசணம் பிடிச்சு வெள்ளை வெளேர்னு ரோமமா நிக்கும். காதைப் பிடிச்சுத் தூக்கி, வயித்தைக் கிழிச்சு, உள்ளே இருக்கிறதைத் தோண்டித் தின்போம். குதிச்சு ஓடாத முயல், அதுவரைக்கும் லாபம்."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவளுக்கே அது தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

ஒரு சாயங்காலம் நான் அவரிடம் கேட்டேன், கப்பல் மூழ்குகிறபோது பார்க்க எப்படி இருக்கும் என்று. எனக்கு எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

"நான் எங்கே அத்தை பார்த்தேன்? என் வேலை உள்ளே. இரும்புச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேக்கறதுதான். அது முறியும்போது ஒரு சத்தம் வரும். அப்புறம் மேலே போவோம். உயிர்காப்புப் படகுல தத்தளிக்கிறவங்ககிட்ட கேப்டன், என்ன கப்பல், எவ்வளவு டன்னுன்னு விசாரிப்பார். அவங்க பதில் சொல்றதும் கேக்கும். வேற என்னென்னவோ சொல்றதும் கேக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் எஞ்சினை வேகமா விடுவேன். அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. இலையுதிர் காலத்தில் இருவருக்கும் கல்யாணம். என் அம்மாவின் மேசைவிரிப்பை வெட்டி நான்தான் மணப்பெண் உடை தைத்தேன். இரண்டு வாரம் சேர்ந்து இருந்தார்கள். பிறகு அவர் கடலுக்குப் போனார், அவள் மாடிக்குப் போனாள், நான் என் ஜன்னலுக்குப் போனேன்.

என்னைப் பற்றி ஊரில் உங்களுக்கு நிறையச் சொல்லியிருப்பார்கள். பாதிக்கு மேல் உண்மைதான். துணிக்கு அளவெடுக்கும்போது என் வாயில் குண்டூசி இருக்கும். ஆகவே பேசுவது அவர்கள்தான். யாருக்கு இடுப்பு பெருக்கிறது, ஏன் பெருக்கிறது, எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். ஐம்பது வயதிலும் எல்லாரும் என்னை ஃப்ராய்லைன் என்றே கூப்பிட்டார்கள். கல்யாணமாகாதவள் பல் விழுந்தாலும் எங்கள் பக்கத்தில் அவள் ஃப்ராய்லைன்தான். அளவு முடிந்ததும் காசை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தவர்கள் இல்லை. அல்மா வீட்டில் உட்கார்ந்தால் ஊருக்குக் கதை ஆகிவிடும் என்ற பயம். என் வீட்டில் இரண்டு நாற்காலி உண்டு. ஒன்றின் மெத்தை தேய்ந்திருந்தது. இன்னொன்று வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

இப்போது கனவு விஷயத்தைச் சொல்லவேண்டும், ஐயா. இது இல்லாமல் மற்றது விளங்காது. எதிரி வானொலி கேட்டால் சிறை. கேட்டதை இன்னொருவருக்குச் சொன்னால் தலை போகும். ஆனால் லண்டன் வானொலியில் பிடிபட்ட நம் ஆட்களின் பெயர்களை வாசித்தார்கள், சில சமயம் செத்தவர்களின் பெயர்களையும். பெற்றவள் கேட்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டிருப்பான். எப்படிச் சொல்வான்? கிணற்றடியில் நின்று, "உங்க பையனை நேத்து கனவுல பார்த்தேன். இங்கிலீஷ்கார சாப்பாடு சாப்பிட்டுக் கொழுகொழுன்னு இருந்தான்" என்பான். அவளும், "உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்பாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இரண்டு பேரும் அதற்கு மேல் பேசமாட்டார்கள். கசாப்புக்காரர் மனைவிக்கு அப்படித்தான் மகன் திரும்பக் கிடைத்தான். எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் சும்மா கனவு கண்டவர்கள் யாருமே இல்லை.

எல்லாப் படகும் மூழ்கிக்கொண்டிருந்தபோது எங்கள் படகு மட்டும் திரும்பித் திரும்பி வந்தது. சிங்கத்தை வரைந்த படகு போயிற்று. வாள் வரைந்தது போயிற்று. வாத்துக்கு ஆயுசு கெட்டி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிரான்ஸ் கைவிட்டுப் போனதும் படகு நார்வேக்கு ஓடியது. நாற்பத்து நாலாம் வருஷம் அக்டோபரில் ஒரு மத்தியானம், நான் ஜன்னலைத் திறந்தேன். மேயர் வீட்டுச் சமையலறையிலிருந்து வாத்து வறுக்கிற வாசம் வந்தது.

படகு போன விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று மேயருக்கு மேலிடத்து உத்தரவு. அவர் வாயைத் திறக்கவில்லை. வாக்குப்படி, படகு மிதக்கும்வரை காத்திருந்தார், அப்புறம் பசி. சந்தைத் திடலைச் சுற்றி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. மருந்துக்கடை வாசலில் லீஸ்பெத் வெள்ளை அங்கியோடு வந்து நின்று மூக்கை உயர்த்தி மோந்தாள். பிறகு உள்ளே போய்ப் பொட்டலம் கட்டினாள்.

அன்று ஆறு மணிக்கு அவள் என் கதவைத் தட்டினாள். "மேலே தனியா இருக்க முடியலை அத்தை" என்றாள். தேயாத நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதன்பின் தினமும் ஆறு மணிக்கு வருவாள். நான் பார்லி வறுத்துக் காப்பி போடுவேன். ஆளுக்கு இரண்டு உருளைக்கிழங்கு. அவள்தான் தோலுரிப்பாள், சுடச்சுட, விரலை ஊதிக்கொண்டே. சில நாள் அழுவாள். அழுகிறபோது என் தோளில் சாய்வாள். ஐயா, என் தோளில் அதுவரை அளவுநாடாவைத் தவிர வேறெதுவும் கிடந்ததில்லை. அவளுக்காகக் கறுப்பு உடை ஒன்று வெட்டித் தைத்தேன். நிச்சயமாகத் தெரியும்வரை போடமாட்டேன் என்றாள். சரி என்று அலமாரியில் தொங்கவிட்டேன்.

"அவர் உயிரோட இருக்கார்னு மட்டும் தெரிஞ்சா போதும், அத்தை. அன்னிக்கே எம்டனுக்குப் போயிடுவேன். அவங்கம்மாகூட இருந்து காத்துக்கிட்டிருப்பேன்."

"போகாம என்ன," என்றேன்.

திரு. தீலே எங்கள் தளத்திலேயே, என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். வலது காது அறவே கேட்காது. காது கேட்காதவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார்; நாங்கள் செய்த பாவத்துக்கெல்லாம் ஞாயிறு தோறும் கழுவாய் ஆகிவிடும். அவரும் போர்வைக்குள்தான் வானொலி கேட்டார். ஆனால் செவிட்டுக் காதுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்தால் போர்வை போதுமா? லண்டன் வானொலி தொடங்கும்போது முரசு நாலு தடவை அடிக்கும். அது என் கட்டில் சட்டத்தில் வந்து அதிரும். நான் வானொலி கேட்டதில்லை, ஐயா. என்னிடம் வானொலியே கிடையாது. சுவரில் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்தால் ஓரளவு தெளிவாக இருக்கும், அவ்வளவுதான்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பெயர் வாசித்தார்கள். எமில் ஹார்ம்ஸ், எஞ்சின் மேற்பார்வையாளர், பிறந்த ஊர் எம்டன், கையில் தீக்காயம், மற்றபடி நலம்.

தம்ளரை எடுத்துக் கழுவித் துடைத்து வைத்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் வரட்டும், சொல்லிவிடலாம் என்று அடுப்பை மூட்டினேன். அவள் வந்தாள். வெளியே பனி. அவள் கையைக் கணப்பில் காட்டிக்கொண்டு, "இந்த வீட்ல இந்த ஒரு அறைதான் அத்தை சூடா இருக்கு" என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவளுக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் நான் சொல்ல வாயெடுத்தேன், கசாப்புக்காரர் மனைவி ஊசி நூல் கேட்டு வந்துவிட்டாள். இப்படியே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் பைன் கிளையில் மெழுகுவத்தி ஏற்றினோம். எனக்கு அதற்கு முன் அப்படி ஒரு கிறிஸ்துமஸ் வாய்த்ததில்லை.

தீலே என்னைப் பிடித்தது ஜனவரியில், மாடிப்படி அடியில். நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, ரொம்ப மெதுவாகப் பேசுவதாக நினைத்து ஊருக்கே கேட்கிற குரலில் பேசினார்.

"ஃப்ராய்லைன் அல்மா, எனக்கு ஒரு கனவு வந்தது."

"மெள்ள பேசுங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

"மேல் மாடிப் பொண்ணோட வீட்டுக்காரர் கனவுல வந்தாரு. சௌக்கியமா இருக்காரு. நான் சொன்னா அந்தப் பொண்ணு பயந்துக்கும். நீங்க நெருக்கம். நீங்க கண்ட கனவா சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றேன்.

"இன்னிக்கே சொல்லுங்க. பாவம், ராத்திரியெல்லாம் நடக்குது. தலைக்கு மேல சத்தம் கேக்குது எனக்கே. எனக்கே கேக்குதுன்னா பாத்துக்கோங்க."

நல்ல மனிதர். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. பிப்ரவரியில் மறுபடியும் பிடித்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். கனவையெல்லாம் அவ நம்ப மாட்டேங்கறா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். செவிடர்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அது ஒரு தொந்தரவு. "சரி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நானே சொல்லிக்கறேன். மறைச்சுப் பேச எனக்கு வராது, நேரா சொல்லிடறேன்" என்றார்.

நான் வெள்ளிக்கிழமை, நகர மன்றத்தின் பின்கட்டில் உட்கார்ந்திருந்த ஆளும் கட்சிக்காரரிடம் போனேன். அவருடைய மனைவிக்கு ஒரு மேலங்கி கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கொடுக்கிற சாக்கில்தான். சுவர் ரொம்ப மெல்லிசு, அந்த முரசுச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்றேன். என்ன முரசு என்று கேட்டார். கட்டிலில் அதிர்கிற மாதிரியே அவர் மேசையில் நாலு தடவை தட்டிக் காட்டினேன். வேறு ஒன்றும் நானாகச் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மறுநாள் காலை தீலேயைக் கூட்டிப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் இல்லாமல் பாடினோம். சுருதி சேர்ந்திருந்தது.

மாவட்டத் தலைநகரில் விசாரணை. கேட்டதற்குச் சிறைதான், பரப்பினாரா என்பதுதான் கேள்வி. பரப்பியிருந்தால் யாரிடம்? என்னைக் கூப்பிட்டார்கள். "என்னிடம் சொன்னார்" என்றேன். அது உண்மை, ஐயா. என்னைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை. நீதிபதி அவரிடம், யாரைப் பற்றிய செய்தி அது என்று கேட்டார். தீலே நல்ல காதை நீதிபதிக்குக் கொடுத்து, கண்ணை என் மேல் வைத்திருந்தார்.

"மறந்துபோச்சுங்க. வயசாயிடுச்சு," என்றார்.

லீஸ்பெத்தின் பெயரைச் சொன்னால் அவளையும் இழுப்பார்கள் என்று பயந்திருக்கிறார். அவள் பெயரை நானும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே மனதாக இருந்தோம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் அவரை முடித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் ஆங்கிலேயர் ஊருக்குள் வந்துவிட்டார்கள். அவருடைய தங்கை உங்களிடம் சொன்னது இவ்வளவும்தான், இல்லையா? நீங்களும் நான் கட்சிப் பற்றில் காட்டிக்கொடுத்ததாக எழுதிவைத்திருக்கிறீர்கள். காகிதம் தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடியும். அதைத் திருத்துங்கள், ஐயா. கட்சி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கட்சிக்காரர் மனைவிகள் தையல் கூலியைக்கூட ஒழுங்காகக் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தீலே லீஸ்பெத்திடம் சொல்லியிருப்பார். திங்கட்கிழமை அவள் ரயில் ஏறியிருப்பாள். ஆறு மணிக்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள். காரணம் அது மட்டும்தான். தப்பாக எழுதிவைத்தால் பிறகு யார் யாரோ என்னென்னவோ பேசுவார்கள்.

இனிமேல் நான் சொல்வது உங்கள் கேள்வியில் இல்லாதது. ஆனால் கதையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை.

தீலேயைக் கூட்டிப்போன பிறகு லீஸ்பெத்துக்கு அந்த வீடே பிடிக்கவில்லை. சேதி தெரிகிறதோ இல்லையோ எம்டனுக்குப் போகிறேன் என்று, ஈஸ்டருக்கு முந்திய வாரத்தில் பெட்டியை எடுத்துவைத்தாள். அந்த நாளில் ரயில்களை விமானங்கள் தாழப் பறந்து சுட்டுக்கொண்டிருந்தன. அவளைப் போகவிடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று யோசித்துப்பாருங்கள். போவதற்கு ஒரு காரணம் இல்லாமல் செய்துவிட்டால் போகமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

உருளைக்கிழங்கை அவள் முன் வைத்தேன். "கண்ணு, ஒரு கனவு கண்டேன்" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன கனவு?"

"எமில் வந்தாரு. தண்ணிக்குள்ள இருக்கேன், குளிரவே இல்லைன்னாரு. அவகிட்ட, காத்துக்கிட்டிருக்க வேணாம்னு சொல்லுங்கன்னாரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தீலேயின் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் இப்போது வானொலியும் இல்லை, ஆளும் இல்லை.

"எப்ப கண்டீங்க, அத்தை?"

"பிப்ரவரியிலயே. தீலே இங்கே இருந்தப்பவே. சொல்ல மனசு வரலை."

"கனவுதானா?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

"கனவுதான்," என்றேன். இதில் நான் என்ன தவறாகச் சொல்லிவிட்டேன்? கனவை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பாக முடியுமா?

அவள் அழவில்லை. உருளைக்கிழங்கைத் தோலுரித்து எனக்கு இரண்டு, தனக்கு இரண்டு வைத்தாள். சாப்பிட்டாள். மேலே போய்ப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு இறங்கி வந்து, அந்தக் கறுப்பு உடையைக் கேட்டாள். அணிந்துபார்த்தாள். இடுப்பில் மட்டும் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருந்தது, மெலிந்திருந்தாள். நான் மண்டியிட்டு ஓரத்தில் குண்டூசி குத்தினேன். எவ்வளவு அசையாமல் நின்றாள் தெரியுமா? இனி எங்கேயும் போகமாட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் தைத்ததிலேயே கச்சிதமாக அமைந்த உடை அதுதான்.

மறுநாள் காலையில் அவளை ஆலைக்குளத்திலிருந்து எடுத்தார்கள். என் தையல் எதுவும் விட்டிருக்கவில்லை.

போன குளிர்காலம் எமில் வந்தார். கைதி முகாமிலிருந்து விடுதலை. ஊரில் எதுவானாலும் எனக்குத்தான் தெரியும் என்பது அவருக்கு ஞாபகமிருந்திருக்கிறது. நேரே என் ஜன்னலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அத்தை, லீஸ்பெத் எங்கே?" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னேன். தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கையில் அந்தத் தீக்காயம் இருந்தது.

"தபால் அட்டை போட்டேனே அத்தை. ஒண்ணுகூட வரலையா?"

"வரலை," என்றேன். ரயில் பாலமெல்லாம் உடைந்து தபாலே வராத காலம். உண்மையாகவே ஒன்றும் வரவில்லை. அந்த விஷயத்தில் என் மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

"லண்டன் ரேடியோல எங்க பேரை வாசிச்சாங்களாம். இந்த ஊர்ல ஒருத்தர்கூடவா கேக்கலை?"

"தீலே கேக்கறதுண்டு."

"அவர் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே?"

"பயந்திருப்பாரு, பாவம்," என்றேன்.

இப்போது அவர் மேல் மாடியில்தான் இருக்கிறார். எம்டனில் அவருடைய அம்மா குண்டுவீச்சில் போய்விட்டார், வீடும் இல்லை. படகில் இருந்தவர்களில் மிஞ்சியவர்கள் எங்கெங்கேயோ. இரவில் தலைக்கு மேல் நடக்கிற சத்தம் கேட்கிறது. என் தையல் எந்திரத்தின் மிதிகட்டையைக் கழற்றி எண்ணெய் விட்டுக் கொடுத்தார். இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஆறு மணிக்கு இறங்கி வருவார். அந்த நாற்காலியில்தான் உட்காருகிறார். அதன் மெத்தையும் இப்போது கொஞ்சம் அமுங்கியிருக்கிறது.

வழியெல்லாம் பனிக்கட்டி, வழுக்கும் என்று இன்றைக்கு என்னைக் கைபிடித்துக் கூட்டிவந்தவரும் அவர்தான். எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். தீலே விஷயமாக ஏதோ கையெழுத்தாம் என்றேன். வெளியே பெஞ்சு கிறீச்சிடுகிறதே, அது அவர்தான். ஒரே இடத்தில் உட்கார மாட்டார். படகில் பழகிய கால். இந்தச் சுவர் நல்ல தடிமன்தானே, ஐயா?

சொன்னதெல்லாம் உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மூலையில் தட்டச்சு செய்கிற அந்தப் பெண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அவரை உள்ளே கூப்பிட்டு இதையெல்லாம் வாசித்துக் காட்ட வேண்டாம். ஏற்கனவே நொந்துபோனவர், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? தெரிந்துதான் ஆக வேண்டுமென்றால், ஒரு நல்ல நாளாகப் பார்த்து, பக்குவமாக, ஒரு கனவு கண்டதாக நானே சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்கு வேண்டாம். உருளைக்கிழங்கை அவித்து மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தோலுரித்துத் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.